அங்கீகரிக்கப்படாத சாய்வு

என் மனைவியைத் தூக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டங்கள் பல உண்டு. அவற்றில் முதலாவது இது.

அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். தெருவே அவளை விசில் டீச்சர் என்றுதான் கூப்பிடும். வேலையை விட்ட பிறகும் கழுத்திலிருந்த விசிலை அவள் கழற்றவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அதை ஊதித்தான். கல்யாணமான புதிதில் அக்கம்பக்கத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. இப்போதெல்லாம் சாலையில் போக்குவரத்துக் காவலர் விசில் அடித்தால் எனக்குப் பசிக்கிறது.

இரண்டு வருடங்களாக அவள் கால்கள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமிழக்கும் நோய் என்றார் டாக்டர். அதன் பெயரையும் சொல்ல ஆரம்பித்தார். "பேரெல்லாம் வேண்டாம் டாக்டர். அது என்ன பண்ணும்னு மட்டும் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இவள் நிறுத்திவிட்டாள். முதலில் கைத்தடி வந்தது, பிறகு வாக்கர், பிறகு சக்கர நாற்காலி. வீட்டுக்குள் அந்த நாற்காலியில் அவள் போகும் வேகத்துக்கு நான்தான் சுவரோரம் ஒதுங்க வேண்டும். பாத்ரூம் கதவு மட்டும் குறுகல். வாசலிலேயே நாற்காலியை விட்டுவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

பெரிய வம்பு தெருவாசலில். மூன்று படிகள்.

ஒருமுறை மருத்துவமனைக்குப் போக நானும் எதிர்வீட்டு லாரி டிரைவரும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். இறங்கும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தரையில் வைத்ததும் கண்ணைத் திறந்து, "நான் என்ன பீரோவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு வந்தது முதல் சட்டம். அதன்பின் டாக்டரே வீட்டுக்கு வந்தார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மைதானம். இவள் பழக்கிய பெண்கள் மாலையில் அங்கே வாலிபால் ஆடுவார்கள். ஜன்னலிலிருந்து மைதானம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இவள் ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்திக்கொண்டு சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்ப்பாள். "சர்வீஸ் வலையில பட்டுடுச்சு. கழுதை, மணிக்கட்டை வளைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்பாள். கழுதை என்பது டிரைவரின் மகள், அணித் தலைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மற்றவர்களுக்குக் கண் தெரியவைப்பது பிழைப்பு. கொத்து வேலை தெரியாது. ஆகவே கொத்தனாரைக் கூப்பிட்டேன். படிகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், சிமெண்ட் எவ்வளவு என்று முணுமுணுத்தார். நான் "சாய்தளம்" என்றதும் கையிலிருந்த கரண்டியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க சார். மேல ஒரு மாடி கட்டணுமா, கட்டறேன். சாய்வு மட்டும் கேக்காதீங்க. அது வாரியத்தோட சமாச்சாரம்."

எனக்கு ரோஷம் வந்தது. கடையில் பழைய அலமாரி ஒன்றைப் பிரித்ததில் கிடைத்த நீளமான பலகையைக் கொண்டுவந்து படிகளின்மேல் சாய்த்து வைத்தேன். அருமையாக உட்கார்ந்தது. இவள் நாற்காலியை வாசல்வரை கொண்டுவந்தாள், கைகளைத் தேய்த்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. நடமாட்ட வசதி வாரியத்தின் சாய்வுத் தடுப்புப் பறக்கும் படை. இரண்டு பேர் இறங்கிப் பலகையைத் தூக்கினார்கள். மூன்றாமவர் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். அட்டையில் 'அங்கீகரிக்கப்படாத சாய்வு' என்று எழுதியிருந்தது.

"வெறும் பலகைதானே?" என்றேன்.

"பலகை தப்பில்லை சார்" என்றார் படைத்தலைவர், மிகவும் பொறுமையாக. "படுக்கப் போட்டா அது பலகை. நிமிர்த்தி வெச்சா அதுவும் பலகை. ரெண்டுக்கும் நடுவுல வெச்சீங்க பாருங்க, அங்கதான் வாரியத்தோட அதிகாரம் ஆரம்பிக்குது."

வேன் போய்விட்டது. இவள் வாசலில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாப்பிடக் கூப்பிட விசில் வரவில்லை. நானாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் வாரியத்துக்குப் போனேன். முகப்பில் பெரிய எழுத்தில், 'நீங்கள் நகர்ந்தால் நாங்கள் நகர்வோம்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே ஆய்வாளர் என்னை உட்காரச் சொன்னார். மெலிந்த, மரியாதையான மனிதர்.

"முன்னாடியெல்லாம் எங்க ஆளுங்க நடந்து வந்து பார்த்துட்டுப் போவாங்க சார். நடக்கறவனுக்கு நடக்க முடியாதவங்க கஷ்டம் எப்படிப் புரியும்? அதனால புதுத் தலைவர் வந்ததும் மாத்திட்டார். இப்ப நாங்களே வீல்சேர்ல உட்கார்ந்துதான் ஆய்வுக்கு வர்றோம். கிளம்பறப்ப சத்தியம் பண்ணிக்குவோம். ஆய்வு முடிஞ்சு ஆபீஸ் திரும்பி, ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற வரைக்கும் காலைத் தரையில வைக்க மாட்டோம். குழுவுல ஒருத்தர் வெச்சாலும் அந்தக் குழு அதுவரைக்கும் எழுதின அத்தனை ரிப்போர்ட்டும் செல்லாது. பதவி உயர்வும் கிடையாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கத்தில் இப்படியும் ஓர் இதயமா என்று நெகிழ்ந்துபோய், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது இவளும், "பரவாயில்லையே, மூளை வேலை செஞ்சிருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து இதுவரை இரண்டு பேருக்குத்தான் அந்தப் பாராட்டு கிடைத்திருக்கிறது. நான் அதில் இல்லை.

சொன்ன நாளில் ஆய்வாளர் வந்தார். வேனிலிருந்து நாற்காலியோடு இறக்கப்பட்டு, சக்கரத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, தானே உருட்டிக்கொண்டு முதல் படிவரை வந்து நின்றார். படியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"தூக்குங்க" என்றார்.

"உங்க உதவியாளர்?" என்றேன்.

"நான் பதிவு மட்டும்தான்" என்றார் பின்னால் நின்ற உதவியாளர், பேனாவை உயர்த்திக் காட்டி.

தூக்காமல் விட்டால்தானே அவருக்குப் படி என்றால் என்னவென்று தெரியும்? அதைத்தான் இவளும் உள்ளேயிருந்து கத்தினாள். ஆய்வாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். "ஆய்வுக்கு ஒத்துழைக்கலைன்னா ஃபைலை மூடிடணும் அம்மா. அது விதி. என் கையில இல்லை."

வேறு வழியில்லை. எதிர்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். மூலையிலிருக்கும் லாண்டரிக்காரர் சட்டையைத் தேய்த்த கையோடு வந்தார். பக்கத்துவீட்டு ஜிம் மாஸ்டர் தன் புஜங்களை எல்லோருக்கும் காட்ட இதுதான் சமயம் என்று ஓடிவந்தார். நாலு பேர், நாலு மூலை. இவள் வாசலோரம் நாற்காலியை நிறுத்தி விசில் ஊத, ஒன்று, இரண்டு, மூன்று. ஆய்வாளர் பூப்போல ஹாலுக்குள் வந்து இறங்கினார். சமையலறையைப் பார்த்தார். பாத்ரூம் வாசலுக்குப் போனார். நாற்காலி கதவில் இடித்தது. மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது.

"பாருங்க! போக முடியலை பாருங்க!" என்றேன் உற்சாகமாக.

அவர் சற்று யோசித்தார். "எனக்கு இப்ப போக வேண்டிய தேவை இல்லை சார். தேவை இல்லாத இடத்துல தடைன்னு ஒண்ணு இருக்க முடியாது. எழுதிக்கோப்பா."

உதவியாளர் எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. 'வாசலில் மூன்று படிகள் இருப்பதாக விண்ணப்பதாரர் தெரிவிக்கிறார். ஆய்வின்போது அவை உணரப்படவில்லை. நுழைவு மென்மையாகவும் இதமாகவும் இருந்தது. சாய்தளம் தேவையில்லை.'

இவள் அதை இரண்டு முறை படித்தாள். "படிக்கு மேல பறந்து வந்துட்டு படியே இல்லைங்கறானா?" என்றாள். அவள் முகம் சிவந்த விதத்தைப் பார்த்து நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மேல்முறையீடு செய்தோம். மேல்முறையீட்டுக்கு மேலான அதிகாரி வருவார். துணை இயக்குநர் எல்லா வகையிலும் மேலான அதிகாரி. ஆய்வாளரைப்போல மூன்று பங்கு இருந்தார். அவரைத் தூக்கும்போது ஜிம் மாஸ்டரின் முகத்தில் நான் இதுவரை பார்த்திராத ஒரு நிறம் வந்தது. இரண்டாவது படியில் லாண்டரிக்காரர், "சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்களேன்" என்று கெஞ்சினார். துணை இயக்குநரோ கண்ணை மூடி லயித்திருந்தார்.

ஹாலில் இறங்கியதும் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "இருபது வருஷம் சர்வீஸ் எனக்கு. எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு வாசலைப் பார்த்ததில்லை. மிதக்கற மாதிரி இருந்தது. இதுல எனக்கு என்ன குறைன்னே தெரியலை."

"குறை உங்களுக்கு இல்லைங்க, எனக்கு" என்றாள் இவள்.

"நீங்க உங்களைப் பத்தியே நினைக்கறீங்கம்மா" என்றார் அவர் வாத்சல்யத்தோடு. "வாரியம் பொதுவா நினைக்கணும்."

அவருடைய ரிப்போர்ட் எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்ததோடு நிற்கவில்லை. தடையற்ற நுழைவுக்கு எங்கள் வீடே எடுத்துக்காட்டு என்று சொல்லி, அதை 'மாதிரி இல்லம்' என்று அறிவிக்கப் பரிந்துரையும் செய்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெரு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாதிரி இல்லத்தைப் பார்க்க மற்ற ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். வேன் வேனாக வந்தார்கள். எல்லோரும் நாற்காலியில், எல்லோரும் சத்தியம் செய்துவிட்டு. காலையில் தூக்கி உள்ளே வைப்போம், தேநீர் குடித்துவிட்டுக் குறிப்பெடுப்பார்கள், தூக்கி வெளியே வைப்போம். சிலர் சரியாக உணரவில்லை என்று சொல்லி இன்னொரு முறை கேட்டார்கள். ஒருவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கடை திறப்பதே சாயங்காலம் என்றாகிவிட்டது. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, குனிய முடியாமல், "கண்ணாடியை நீங்களே எடுத்துப் போட்டுக்கோங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். லாண்டரிக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, தன் வீட்டு வாசலில் ஒரு கைப்பிடி வேண்டுமென்று அவரே வாரியத்துக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆய்வுக்கு ஆள் வரும் என்று பதில் வந்ததும் பயந்துபோய் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இத்தனை பேர் உள்ளே வந்து வெளியே போனார்கள். வெளியே போகவேண்டியவள் மட்டும் உள்ளேயே இருந்தாள்.

ஒருநாள் டிரைவரின் மகள் வந்தாள். இறுதி ஆட்டத்துக்கு அணி தேர்வாகிவிட்டது, எங்கள் மைதானத்திலேயே நடக்கிறது, டீச்சர் கட்டாயம் வரவேண்டும் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "நாங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து தூக்கினா வருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"மணிக்கட்டை வளைக்காம ஆடு. நான் வர்றது என் கவலை" என்றாள் இவள். அந்தப் பெண் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று இன்றுவரை இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அந்த வாரமே வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. மாதிரி இல்லத்துக்கான கேடயத்தை வழங்க வாரியத் தலைவரே வருகிறார். தேதியைப் பார்த்தேன். அதே நாள். நேரத்தைப் பார்த்தேன். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன். போனை எடுத்து வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இவள் போனை என் கையிலிருந்து வாங்கி, தானே பேசினாள். தேனாகப் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தலைவர் வர்றது எங்க பாக்கியம். எனக்கு ஒரே ஒரு ஆசைங்க. தலைவர் மட்டும் உட்கார்ந்து வந்தா போதாது. வாரியத்துல இருக்கற எல்லாரும், ஒருத்தர் விடாம உட்கார்ந்து வரணும். பேப்பர்ல போட்டோ வந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

அந்தப் பக்கம் யோசித்துப் பார்த்தார்கள். மிகவும் பிடித்துப்போனது.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"நீங்க போய் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க" என்றாள். "நிறைய."

குறித்த நாளில் வாரியமே வந்தது. தலைவர், துணை இயக்குநர், ஆய்வாளர், பறக்கும் படைத்தலைவர், பேனா உதவியாளர், தட்டச்சு செய்பவர், தேநீர் கொண்டுவருபவர் என்று ஒருவர் பாக்கியில்லை. வேன் ஓட்டி வந்தவர்கூட, எல்லோரையும் இறக்கிய கையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சத்தியம் செய்துகொண்டார். பத்திரிகைப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். நாங்கள் நாலு பேரும் ஒவ்வொருவராகத் தூக்கினோம். துணை இயக்குநரைக் கடைசியாக வைத்துக்கொண்டது ஜிம் மாஸ்டரின் வேண்டுகோளின்படி. அவர் உள்ளே இறங்கியதும் என் இடுப்பில் ஏதோ 'கடக்' என்றது. நான் அப்படியே ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இவள் நீளமாக ஒரு விசில் ஊதினாள். ஆட்டம் முடிந்தால் ஊதும் விசில். டிரைவரும் லாண்டரிக்காரரும் ஜிம் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, வாசல்வழியே இறங்கி, மைதானத்தைப் பார்க்க நடையைக் கட்டினார்கள். புகைப்படக்காரரும் ஆட்டம் படமெடுக்கப் போய்விட்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. புரிகிற வேலையெல்லாம் எங்கள் வீட்டில் அவளுடையது.

ஹாலில் சக்கரத்தோடு சக்கரம் மோதிக்கொண்டிருந்தது. எலுமிச்சைச் சாறு பெரிய பெரிய டம்ளர்களில் சுற்றி வந்தது. "இன்னொரு டம்ளர் குடிங்க ஐயா, பேசணுமே" என்று இவள் தலைவரை உபசரித்தாள். தலைவர் மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! நான் பொறுப்பேற்றப்ப வாரியத்துக்கு வருஷத்துக்கு நூத்துக்கணக்குல விண்ணப்பம் வந்துகிட்டிருந்தது. அத்தனை பேர் வீட்டுலயும் தடை. எவ்வளவு பெரிய துயரம்! இன்னைக்கு நாங்க உட்கார்ந்து போய்ப் பார்க்க ஆரம்பிச்ச பிறகு, ஒரு வீட்டுலகூடத் தடை இல்லைன்னு தெரிய வந்திருக்கு. ஒரு செங்கல் வெக்காம, ஒரு பிடி சிமெண்ட் குழைக்காம, நாட்டுல இருந்த அத்தனை படியையும் நீக்கின ஒரே வாரியம் நம்ம வாரியம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கேடயம் என் மனைவியின் மடியில் வைக்கப்பட்டது. அவள் அதை நன்றியோடு வாங்கி, வாக்கரின் மேல் மாட்டினாள்.

"சரி, கிளம்பலாம்" என்றார் தலைவர். "தூக்கறவங்க எங்க?"

"மேட்ச் பார்க்கப் போயிட்டாங்க" என்றாள் இவள்.

"எப்ப வருவாங்க?"

"அஞ்சு செட் ஆட்டம். முடிஞ்சு, பரிசளிப்பு, ஊர்வலம்... சாயங்காலத்துக்கு மேல ஆகும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இடுப்பைக் காட்டினேன்.

முதலில் யாருக்கும் விபரீதம் உறைக்கவில்லை. துணை இயக்குநர் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னார். பிறகு தலைவர் தன் நாற்காலியை மெல்ல உருட்டிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனார். இடித்தது. பின்னால் வந்து வேகமாகப் போனார். இன்னும் பலமாக இடித்தது. பக்கவாட்டில் முயன்றார். மூன்று டம்ளர் எலுமிச்சைச் சாறு என்ன செய்யும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கதவு சின்னதா இருக்கே!" என்றார்.

"இது ஏற்கெனவே ஆய்வு பண்ணியாச்சுங்க" என்றாள் இவள். "தேவை இல்லாத இடத்துல தடை இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு."

தலைவர் ஆய்வாளரைப் பார்த்த பார்வையில் ஆய்வாளர் இன்னும் மெலிந்தார்.

யாராவது ஒருவர் எழுந்து நின்றால் முடிந்தது. பதினைந்து ஜோடி நல்ல கால்கள் அந்த ஹாலில் இருந்தன. ஆனால் ஒருவர் கால் தரையில் பட்டாலும் வாரியம் எழுதிய அத்தனை ரிப்போர்ட்டும் செல்லாது. அத்தனை பேரின் பதவி உயர்வும் போச்சு. ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டச்சு செய்பவர் கால்விரலைச் சற்று நீட்டியதுதான் தாமதம், "ஏய்!" என்று பதினாலு குரல் எழுந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க" என்றார் தலைவர் பரிதாபமாக.

யாரும் மூடவில்லை. துணை இயக்குநர் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டார். அடுத்த தலைவர் பதவி அவருக்குத்தான் என்று பேச்சு.

ஜன்னல்வழியே மைதானத்தின் இரைச்சல் வந்தது. இவள் காதைத் திருப்பினாள். "ரெண்டாவது செட்டும் போச்சு. அவசரப்படறாங்க கழுதைங்க" என்றாள். அவள் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டன. அவளுக்கும் பொறுமை கரைந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தீயணைப்புப் படையைக் கூப்பிடலாமா?" என்றார் படைத்தலைவர்.

"கூப்பிட்டா போட்டோக்காரன் திரும்பி வருவான்" என்றார் தலைவர், கால்களைப் பின்னிக்கொண்டு. "ஆபீசுக்குப் போன் போடு."

"ஆபீஸ் இங்கதான் இருக்கு சார்."

இவள் தொண்டையைச் செருமினாள். "உங்க ஸ்டோர் ரூம்ல ஒரு பலகை இருக்கும். எங்க வீட்டுக்காரர் கடைப் பலகை. சிவப்பு அட்டை கட்டினது. அது வந்தா எல்லாரும் உருண்டு இறங்கிடலாம்."

எல்லாத் தலைகளும் படைத்தலைவர் பக்கம் திரும்பின.

"அது அங்கீகரிக்கப்படாத சாய்வு" என்றார் படைத்தலைவர் ஈனக்குரலில்.

"அங்கீகரிக்கறவர் எதிர்லதானே உட்கார்ந்திருக்கார்?" என்றாள் இவள். "கையெழுத்து போட்டா ஆச்சு. நிரந்தரமா போடணும். பாத்ரூம் கதவுக்கும் சேர்த்து."

தலைவர் கொள்கை மனிதர். கொள்கைக்கும் அடிவயிற்றுக்கும் நடந்த போராட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். ரொம்ப நேரம் நடக்கவில்லை. பேனா உதவியாளர் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக எழுதினார். தலைவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வாரியத்தில் காலில் நிற்கும் ஒரே ஆள் காவலாளி. அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைக்க மறந்துவிட்டார்கள். அவருக்குப் போன் போனது. பலகையை ஒரு தள்ளுவண்டியில் போட்டு அவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வாசலுக்குள் எட்டிப் பார்த்து, தன் இலாகாவே வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பலகையைப் படிகளின்மேல் சாய்த்து, சிவப்பு அட்டையை அவிழ்த்தார்.

பதினைந்து நாற்காலிகளும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தன. ஒரு விசில் கிழித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் உறைந்துபோனார்கள்.

"முதல்ல நான்" என்றாள் என் மனைவி.

வழி விட்டார்கள். தலைவர்கூட விட்டார். பலகையின் விளிம்பில் முன்சக்கரங்களை நிறுத்திவிட்டு அவள் கீழே பார்த்தாள். என்னை அறியாமல் நான் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் நாற்காலியின் பின்பிடியில் கை வைத்தேன்.

"கையை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். அவள் கண்ணை மூடவில்லை. சக்கரங்களை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து விட்டபடி இறங்கினாள். மூன்று படிகள் பலகைக்கு அடியில் எங்கோ கிடந்தன. தெருவில் இறங்கியதும் ஒரு நொடி நின்றாள். வெயிலில் தோளைக் குலுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் வேகமெடுத்தன, நாற்காலி தெருக்கோடியைப் பார்த்து ஓடியது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். இடுப்பு வலி என்று காவலாளி நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

அவளுக்குப் பின்னால் வாரியம் இறங்கியது. வேனில் ஏறத் தூக்குவதற்கு ஆளில்லாததால், அகலமான கதவுள்ள கழிப்பறை தேடி அத்தனை பேரும் நாற்காலிகளில் தெருவில் பறந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தலைவர். மைதானத்தில் கடைசி செட். விசில் சத்தத்தோடு டீச்சர் வர, பின்னால் பதினைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, டீச்சர் தங்களுக்காக ஊரைத் திரட்டிக்கொண்டு வந்திருப்பதாகப் பெண்கள் நினைத்துக்கொண்டார்களாம். அதன்பின் டிரைவரின் மகள் மணிக்கட்டை வளைக்கவே இல்லையாம். கோப்பை இப்போது எங்கள் ஹாலில், கேடயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேடயம் பாத்ரூம் கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்க உதவுகிறது.

அந்தக் கதவு இப்போது அகலம். மறுநாள் காலையிலேயே கொத்தனார் வந்துவிட்டார். அவர் கையிலிருந்த உத்தரவில் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: 'தலைவர் உணர்ந்தார்.'

எனக்கு இப்போது ஒரே ஒரு குறைதான். இவள் வீட்டில் தங்குவதே இல்லை. மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கே போகிறாள் என்று சொல்வதில்லை, எப்போது வருவாள் என்றும் சொல்வதில்லை. நானே சமைத்து வைத்துவிட்டு, வாசலில் அந்தப் பலகையின்மேல் உட்கார்ந்து, தெருக்கோடியில் விசில் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதும் பசிக்கிறது.